அலுமினியக் குழாய் இரும்பான கதை

தூத்துக்குடியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். காயில் கட்டுவதைப் போலவே பேரிங் மாற்றுவதும் அன்றாட வேலைதான். மோட்டாரின் சுழலும் தண்டை (ஷாஃப்ட்) தாங்குகிற வளையம்தான் பேரிங். 40 மி.மீ. ஓட்டையுள்ள 6208 பேரிங்கை ஷாஃப்டில் ஏற்ற நாங்கள் சுத்தியலைத் தொடுவதில்லை. எண்ணெய்ச் சட்டியில் போட்டு 110 டிகிரி வரை சூடேற்றி, கையுறையோடு எடுத்து ஷாஃப்டில் விட்டால் சோப்புக் கையில் வளையல் ஏறுவதுபோல வழுக்கிப் போய் உட்காரும். ஆறியதும் உடும்புப் பிடி. 120 டிகிரியைத் தாண்டவிட மாட்டோம், அவ்வளவுதான் கட்டுப்பாடு.

காலாண்டு விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் இதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். பதினோராம் வகுப்பு. வெப்ப இயற்பியல் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது.

"மாமா, சூடு பண்ணினா இரும்பு எல்லாப் பக்கமும்தானே விரியும்? உள்பக்கமும் விரிஞ்சா ஓட்டை சின்னதால்லா ஆகணும்?"

இருபது வருடமாகப் பேரிங் ஏற்றுகிறவனுக்கு ஓட்டை பெரிதாகும் என்று தெரியும். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்து, ஒரு தகரப் பட்டையை வளையமாக வளைத்துக் காட்டினேன். இதை வெட்டி நிமிர்த்தினால் நீளமான பட்டை. சூடாக்கினால் பட்டை நீளும். நீண்ட பட்டையைத் திரும்ப வளைத்தால் பெரிய வளையம்தானே வரும், வளையம் பெரிதானால் நடுவில் இருக்கும் ஓட்டையும் பெரிதாகத்தானே வேண்டும்? ஒப்புக்கொண்டாள். அந்த 40 மி.மீ. ஓட்டைக்குக் கணக்கும் போட்டாள். இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 12 மைக்ரான் வளரும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). 80 டிகிரி ஏற்றினால் 40 மி.மீ.க்கு 38 மைக்ரான். ஷாஃப்ட் ஓட்டையைவிடப் பெரிதாக இருப்பது பத்துப் பதினைந்து மைக்ரான்தான். ஆக, தாராளமாக ஏறும்.

அவளுடைய நோட்டைப் புரட்டினேன். விடையெல்லாம் சரி. ஆனால் எந்த விடையையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஈபிள் கோபுரக் கணக்கு இருந்தது. 300 மீட்டர் இரும்பு, குளிர்காலத்துக்கும் கோடைக்கும் 23 டிகிரி வித்தியாசம் என்றால் 8 செ.மீ. சொச்சம். யார் பாரிஸ் போய் அளக்கப் போகிறார்கள்? பாதிக் கணக்குகளில் ‘சுற்றுப்புறத்துக்கு இழக்கப்படும் வெப்பத்தைப் புறக்கணிக்கவும்’ என்று ஒரு வரி வேறு. புறக்கணித்தால் எவ்வளவு பிசகும் என்று கேட்டேன். தெரியாது என்றாள். எனக்கும் தெரியாது. சரி, மூன்று கணக்கு எடுப்போம், முதலில் பேப்பரில் விடை, அதைச் சுவரில் ஒட்டிவிட்டு அப்புறம் பொருளில் கை வைப்போம் என்று முடிவாயிற்று. ஒட்டிய விடையைப் பிறகு திருத்தக் கூடாது. இது அவள் போட்ட நிபந்தனை.

முதல் கணக்கு நீள விரிவு. ஜன்னல் செய்யும் கடையில் மிச்சமாகக் கிடந்த அலுமினியக் குழாய் ஒன்று வாங்கினேன். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், 19 மி.மீ. விட்டம், சுவர்த் தடிமன் 1.2. ஒரு முனையைப் பலகையில் சி-கிளாம்ப் போட்டு இறுக்கினோம். கிளாம்பிலிருந்து சரியாக 80 செ.மீ. தள்ளி, குழாய்க்கு அடியில் ஒரு தையல் ஊசியைக் குறுக்காக வைத்தோம், ஊசிக்குக் கீழே கண்ணாடித் துண்டு. குழாய் நீண்டால் ஊசி உருளும். ஊசி முனையில் குளிர்பான ஸ்ட்ராவை முள்ளாகச் செருகி, பின்னால் ஜியாமெட்ரி பாக்ஸின் கோணமானியை நிறுத்தினோம். நீராவிக்குப் பிரஷர் குக்கர். வெயிட்டை எடுத்துவிட்டு அந்த மூக்கில் ரப்பர் குழாயைச் செருகி, கட்டுக்கம்பி சுற்றி, அலுமினியக் குழாயின் கிளாம்ப் பக்கத்து வாயில் மாட்டினோம். மறுவாய் திறந்தே இருக்க வேண்டும். யாராவது செய்து பார்ப்பதானால் இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், நீராவிக்குப் போகிற வழி அடைபட்டால் அது குக்கர் இல்லை, வெடிகுண்டு.

ஊசியின் விட்டத்தை அளக்க வெர்னியர் கேட்டாள். வேண்டாம், ஒரே பாக்கெட்டிலிருந்து பத்து ஊசியை நெருக்கி அடுக்கி ஸ்கேல் வை என்றேன். 9 மி.மீ. வந்தது. ஆக ஒரு ஊசி 0.9 மி.மீ.

முதல் தடவை சொதப்பல், அதுவும் என்னால். குழாய் ஊசியை விட்டு விலகிவிடுமோ என்று பயந்து, அந்த முனையையும் கட்டுக்கம்பியால் பலகையோடு சேர்த்து முறுக்கிவிட்டேன். நீராவி பாய்ந்து இரண்டு நிமிடம் ஆகியும் முள் அசையவில்லை. திடீரென்று ‘டிக்’. முள் ஒரே தாவாகத் தாவி கோணமானியில் இடித்து நின்றது. கம்பி இளகியதும் தேங்கியிருந்த நீட்சி மொத்தமும் ஒரே நொடியில் வெளியே வந்துவிட்டது. நான் குக்கரை அணைக்கப் போனேன், அவள் அதைக் கணக்காக்கப் போனாள். நீளவே விடாமல் இரு முனையையும் உண்மையிலேயே பிடித்து வைத்தால் எவ்வளவு விசை வேண்டும்? அலுமினியத்தின் யங் குணகம், அதாவது அதன் விறைப்பைச் சொல்லும் எண், 70 ஜிகா பாஸ்கல், விரிவு மீட்டருக்கு, டிகிரிக்கு 23 மைக்ரான், வெப்பநிலை உயர்வு 64 டிகிரி. மூன்றையும் பெருக்கினால் ஒரு சதுர மி.மீ.க்கு 103 நியூட்டன். குழாயின் குறுக்கு வெட்டுப் பரப்பு 67 சதுர மி.மீ. விசை 6,900 நியூட்டன், அதாவது 700 கிலோ எடை. நான் பத்து ரூபாய்க் கட்டுக்கம்பியை வைத்து அதைத் தடுக்கப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் தடவை கம்பி இல்லை. பதிலுக்கு ஊசிக்கு நேர் மேலே குழாயில் ஒரு பழைய இரும்புக் கப்பியைத் தொங்கவிட்டோம், ஊசி வழுக்காமல் உருளுவதற்கு. குழாயைத் திறந்த வாய்ப்பக்கம் லேசாகச் சரித்தும் வைத்தோம். முதல் தடவை உள்ளே ஆறிய நீராவி தண்ணீராகத் தேங்கியிருந்தது. மல்டிமீட்டரின் தெர்மோகப்பிள் வயரைக் குழாய் மேல் மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தோம். கிளாம்ப் பக்கம் 98, நடுவில் 95, ஊசிப் பக்கம் 92. நீராவி என்றால் 100 என்று எழுதுவது நோட்டில்தான். சராசரி 95, அறை வெப்பநிலை 31, உயர்வு 64 டிகிரி. இந்தத் தடவை முள் அமைதியாக நகர்ந்து 72 டிகிரி கோணத்தில் நின்றது.

அவள் உட்கார்ந்து போட்டாள். 72 டிகிரி என்றால் 1.257 ரேடியன். ஊசியின் ஆரம் 0.45 மி.மீ. பெருக்கினால் நீட்சி 0.566 மி.மீ. அதை 0.8 மீட்டராலும் 64 டிகிரியாலும் வகுத்தால் மீட்டருக்கு, டிகிரிக்கு 11 மைக்ரான். சுவரில் ஒட்டியிருந்தது 23.

"மாமா, உங்களை ஏமாத்திட்டான். இது அலுமினியம் இல்ல, இரும்பு. அட்டவணைல இரும்புக்குத்தான் 11, 12 போட்டிருக்கு."

அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னாள். பட்டறையில் கிடந்த ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துக் குழாயில் வைத்தேன், ஒட்டவில்லை. கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும் அது இரும்பில்லை என்று. அப்படியானால் அளவு தப்பு. எங்கே? கோணமானியைத் திரும்பப் பார்த்தாள், ஊசியைத் திரும்ப அடுக்கினாள். பெருக்கலை மூன்று முறை போட்டாள். எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசியில் நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் பட்டறை டயல் கேஜை எடுத்துவந்து குழாயில் ஊசிக்கு நேரான இடத்தில் முட்டவைத்து மறுபடி நீராவி விட்டேன். 1.16 மி.மீ. அவள் சொன்னதைப் போல இரண்டு மடங்கு.

சரியாக இரண்டு மடங்கு பிசகினால் அது அளவில் வந்த பிழை இல்லை. படத்தில் வந்த பிழை. ஊசியைச் சுவரில் அறைந்த கப்பி மாதிரி நினைத்துவிட்டாள், ஒரே இடத்தில் நின்று சுற்றுவதாக. ஊசி நிற்கவில்லை, கண்ணாடி மேல் உருண்டு தானும் முன்னே போகிறது. கரையில் வள்ளத்தை உருட்டுக்கட்டை மேல் ஏற்றித் தள்ளுவதை அவள் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறாள். பின்னால் விடுபட்ட கட்டையை ஆள் எடுத்துக்கொண்டு முன்னால் ஓடுவானே, ஏன்? வள்ளம் கட்டையை முந்திப் போய்விடுகிறது. கட்டை ஓரடி நகர்ந்தால் வள்ளம் இரண்டடி நகரும். ஊசியின் மையம் ஆரம் பெருக்கல் கோணம் அளவுக்குப் போகும், மேலே இருக்கும் குழாய் அதில் இரு மடங்கு, அதாவது விட்டம் பெருக்கல் கோணம். 0.9 பெருக்கல் 1.257, 1.13 மி.மீ. விரிவு எண் 22.1 மைக்ரான். டயல் கேஜ் கணக்குப்படி 22.7. அட்டவணைக்கு இதைவிட நெருங்க எங்கள் ஸ்ட்ராவுக்குச் சக்தி இல்லை.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், தப்பான விடை அசட்டுத்தனமாக வரவில்லை. 11 என்று வந்து, அட்டவணையில் இன்னொரு உலோகத்தின் பக்கத்தில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. காந்தம் கையில் இல்லாவிட்டால் நானே கடைக்காரரிடம் சண்டைக்குப் போயிருப்பேன்.

இரண்டாவது கணக்கு ஐஸ். இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 31 டிகிரியில் 200 கிராம் தண்ணீர், அதில் 50 கிராம் ஐஸ் போட்டால் கடைசியில் என்ன வெப்பநிலை? ஐஸ் உருக எடுத்துக்கொள்ளும் வெப்பம், அதாவது உள்ளுறை வெப்பம், கிராமுக்கு 334 ஜூல் என்று வைத்தால் 8.8 டிகிரி. எவர்சில்வர் டம்ளரில் செய்து பார்த்தோம், 12.5-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. யார் குற்றவாளி? அவள் உடனே ‘சுற்றுப்புறம்’ என்றாள், பாடத்தில் அதுதானே வில்லன். எனக்கு ஐஸ் மேலேயே சந்தேகம். டிரேயிலிருந்து எடுத்து, தட்டில் வைத்து, தராசில் நிறுத்தி, டம்ளருக்கு வருவதற்குள் நனைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. 50 கிராமில் 6 கிராம் ஏற்கெனவே தண்ணீர் என்று வைத்துப் போட்டால் 8.8 என்பது 10.7 ஆகிறது. 120 கிராம் டம்ளரும் குளிர வேண்டுமே. அதையும் சேர்த்தால் 11.8. சுற்றுப்புறத்தின் தலையில் போட மிச்சம் இருப்பது முக்கால் டிகிரிக்கும் குறைவு.

மறுமுறை தெர்மோகோல் கப், துணியால் துடைத்த ஐஸ், கூடவே ஒரு பழைய தந்திரம். தண்ணீரை அறையைவிடப் பத்து டிகிரி கூடுதலாக, 41-இல் ஆரம்பித்து, பத்து டிகிரி குறைவாக முடிகிற அளவுக்கு ஐஸை எடுத்துக்கொள்வது. முதல் பாதியில் வெளியே போகும் வெப்பத்தை இரண்டாம் பாதியில் உள்ளே வரும் வெப்பம் ஏறக்குறைய நேர்செய்துவிடும். அதற்கு 40 கிராம் ஐஸ் வேண்டும் என்று அவள்தான் பின்பக்கமாகப் போட்டுக் கண்டுபிடித்தாள். 20.9 வர வேண்டும், 21.5 வந்தது. அதிலிருந்து திருப்பிப் போட்டால் உள்ளுறை வெப்பம் 318 ஜூல். ஐந்து சதவீதம் குறைவு. ஒரு கிராம் வரைக்கும் மட்டுமே காட்டுகிற சமையல் தராசுக்கு இது போதும் என்று நான் நினைத்தேன். போதாது என்றாள். ஐஸை இன்னும் நன்றாகத் துடைத்திருக்கலாமாம்.

மூன்றாவதுதான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதமான கணக்கு. தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்தால் ஆறு மணி நேரத்தில் எவ்வளவு உருகும்? எங்கள் ஊரில் இதற்குப் பெட்டி தேட வேண்டியதில்லை, மீன் வியாபாரியிடம் ஒன்று கேட்டால் இரண்டு கொடுப்பார். இதற்கு வாசம் இலவசம். உள்ளளவு 30, 20, 20 செ.மீ., சுவர்த் தடிமன் 2 செ.மீ. உட்பரப்பு 0.32 சதுர மீட்டர், வெளிப்பரப்பு 0.44. எதை எடுப்பது என்று குழம்பி, நடுவே 0.38 எடுத்தோம். கடத்துத்திறனுக்கு, அதாவது ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு சுலபமாகக் கடத்தும் என்று சொல்லும் எண்ணுக்கு, அவள் பயிற்சிக் கணக்கிலிருந்த 0.01 என்ற எண்ணையே போட்டாள். நொடிக்கு 5.9 ஜூல், ஆறு மணி நேரத்தில் 127 கிலோ ஜூல், உருகும் ஐஸ் 380 கிராம். சுவரில் ஒட்டியாயிற்று.

ஐஸ் கம்பெனிக் கட்டியில் 2 கிலோ உடைத்து, பெட்டியில் வைத்து, அடி மூலையில் ஒரு சின்னத் துளை போட்டுத் தண்ணீர் கிண்ணத்தில் விழுகிற மாதிரி வைத்தோம். மூடியின் விளிம்பைச் சுற்றி டேப். காலை ஒன்பதுக்கு ஆரம்பம். பதினொன்றுக்கே கிண்ணத்தில் 350 கிராம். அவள் முகம் விழுந்துவிட்டது. மூன்று மணிக்குத் திறந்து, பெட்டிக்குள் தேங்கியதையும் சேர்த்து நிறுத்தினால் 1,050 கிராம். கணக்கில் வந்ததைப் போல இரண்டே முக்கால் மடங்கு.

துளை வழியாகக் காற்று போயிருக்கும், டேப் சரியில்லை, ஐஸ் முதலிலேயே நனைந்திருந்தது என்று ஆளுக்கொன்று சொன்னோம். எதுவும் இரண்டே முக்கால் மடங்குக்குக் காணாது. அப்புறம்தான் அந்த 0.01-ஐயே சந்தேகப்பட்டோம். தெர்மோகோல் என்பது என்ன? நூற்றில் 98 பங்கு காற்று, மிச்சம் பாலிஸ்டைரீன் நுரைச் சுவர். அசையாத காற்றின் கடத்துத்திறனே 0.026. காற்றை அடைத்துச் செய்த ஒன்று அந்தக் காற்றைவிட மோசமான கடத்தியாக எப்படி இருக்கும்? சுவரின் வழியாகப் போவதும், குமிழிக்குள் கதிர்வீச்சாகப் போவதும் அதோடு கூடத்தானே செய்யும்? சந்தையில் கிடைக்கிற தெர்மோகோலுக்கு 0.035-ஐ ஒட்டித்தான் இருக்கும். அதைப் போட்டால் உருக வேண்டியது 1.33 கிலோ.

இப்போது பிசகு எதிர்ப்பக்கம். கணக்கில் 1.33, கிண்ணத்தில் 1.05. இதை அவளே பிடித்தாள், நான் டீ வாங்கப் போயிருந்தபோது. உட்சுவர் முழுவதும் 0 டிகிரி, வெளிச்சுவர் முழுவதும் 31 டிகிரி என்று கணக்கு நினைத்துக்கொள்கிறது. ஐஸ் அடியில் மட்டும் கிடக்கிறது. மேலே உள்ள காற்று தெர்மோகப்பிளில் 6, 7 டிகிரி காட்டியது. வெளியேயும் பெட்டியைத் தொட்டபடி ஒரு காற்றுப் போர்வை இருக்கிறது, பெட்டியின் வெளித்தோல் தொட்டாலே சில்லென்று இருந்தது. தெர்மோகோலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு தடைகள் தொடர் இணைப்பில் நிற்கின்றன. மின்தடை மாதிரியே கூட்டலாம் என்று சொன்னதும் எனக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது, என் தொழில் அல்லவா. பயிற்சிக் கணக்கு எழுதியவர் 0.01 என்று ஏன் போட்டாரோ, பெருக்கச் சுலபம் என்று போட்டிருக்கலாம். மதிப்பெண்ணுக்கு அந்த எண்ணையே போடு, மீன் வாங்கப் போனால் போடாதே என்று சொல்லிவைத்தேன்.

விடுமுறை முடிய ஒரு நாள் இருந்தது. பட்டறைக்கு அலுமினிய பாடி மோட்டார் ஒன்று மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தது. காலையில் போட்டால் சத்தமில்லாமல் ஓடுமாம். இரண்டு மணி நேரம் கழித்துக் கர்ரென்று இரைச்சல். நான் முந்தைய இரண்டு முறையும் பேரிங்கைக் குறை சொல்லிப் புதிது போட்டிருந்தேன். ஒரு முறை கவரில் (மோட்டாரின் பக்க மூடி) பேரிங் உட்காரும் குழியில் சென்டர் பஞ்சால் புள்ளி புள்ளியாக அடித்து இறுக்கமும் செய்திருந்தேன். எல்லாரும் செய்கிற வேலைதான்.

கவரைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "மாமா, இது அலுமினியம். பேரிங் இரும்பு."

பேரிங்கின் வெளிவிட்டம் 80 மி.மீ. ஓடும்போது கவர் 75 டிகிரிக்குப் போகிறது, உயர்வு 45. அலுமினியக் குழி 83 மைக்ரான் பெரிதாகும், இரும்புப் பேரிங் 43 மைக்ரான்தான் வளரும். 40 மைக்ரான் இடைவெளி. ஆறிய நிலையில் நான் கையால் ஆட்டிப் பார்த்து இறுக்கம் என்று சொன்ன பேரிங், சூட்டில் குழிக்குள் தளர்ந்து வெளிவளையத்தோடு சேர்ந்து சுற்றியிருக்கிறது. பஞ்ச் அடித்த புள்ளிகளெல்லாம் மழுங்கி வழவழவென்று தேய்ந்து கிடந்தன.

குழியை லேத்தில் 90 மி.மீ.க்கு வெட்டி, உள்ளே இரும்பு வளையம் (புஷ்) போட்டுவிடலாம் என்றேன். அவள் விடவில்லை. "அப்போ புஷ்ஷுக்கும் கவருக்கும் நடுவுல அதே இடைவெளி வருமே?" வரும். 90 மி.மீ.க்கு 45 மைக்ரான். அதைவிட அதிகமாக இறுக்கம் வைத்துவிட்டால், சூட்டில் 45 போனாலும் மிச்சம் பிடித்துக்கொள்ளும். 80 மைக்ரான் வைப்போம் என்று முடிவு செய்து புஷ்ஷைக் கடைந்தேன். 80 மைக்ரான் இறுக்கத்தில் சுத்தியலால் அடித்து ஏற்றினால் அலுமினியக் கவர் விரிசல் விட்டுவிடும்.

கவரை ஹாட் பிளேட்டில் கவிழ்த்துவைத்து 100 டிகிரி காட்டும் வரை காத்திருந்தோம். 70 டிகிரி உயர்வுக்கு 90 மி.மீ. குழி 145 மைக்ரான் திறக்கும், 80 போக 65 மீதம். புஷ் வெளியே 31 டிகிரியில் இருந்தது. கவரை நிமிர்த்தினேன். புஷ்ஷை இரண்டு விரலால் பிடித்துக் குழிக்கு நேராக வைத்து விட்டாள். டக் என்று அடி வரை போய் உட்கார்ந்தது. நேராக்கலாம் என்று நான் கை நீட்டுவதற்குள் பிடித்துக்கொண்டுவிட்டது.